நன்றிக்கடன் யாரிடம் தீரும்?

இன்று கைக்குக் கிடைக்கும் கிறித்தவ எழுத்துகளுள் மிகப் பழையது என்று ஆய்வாளரில் பெரும்பாலோர் கருதுவது, பவுல் தெசலோனிக்கே நகரச் சபைக்கு எழுதிய முதற் கடிதம். கி.பி. 50 அல்லது 51ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரில் தங்கியிருந்தபோது எழுதிய அந்தச் சிறு மடலின் முடிவுப் பகுதியில், மகிழ்ச்சியையும் ஓயாத ஜெபத்தையும் எந்த நிலையிலும் குன்றாத நன்றியையும் அவர் ஒரே மூச்சில் கட்டளையாக வைக்கிறார். பிற்காலத்தில் இவை நாட்காட்டி வாசகங்களாகப் புழங்கித் தேய்ந்துவிட்டதால், முதலில் கேட்டவர்கள் எத்தகைய நெருக்கடியில் இருந்தார்கள் என்பது எளிதில் மறந்துபோகிறது. மக்கெதோனியாவின் துறைமுக நகரான தெசலோனிக்கேயில் பவுலின் போதனையால் கலகம் மூண்டதையும், அவருக்கு இடம் கொடுத்த யாசோன் என்பவரை நகர அதிகாரிகளிடம் இழுத்துச் சென்றதையும், பவுலை இரவோடு இரவாகப் பெரோயாவுக்கு அனுப்பிவைத்ததையும் அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் விவரிக்கிறது. அங்கேயே தங்கிவிட்ட புதிய விசுவாசிகள் தம் ஊராராலேயே துன்புற்றார்கள் என்பதும், தங்களில் சிலர் இறந்துபோனதால் கலங்கியிருந்தார்கள் என்பதும் கடிதத்திலிருந்தே தெரிகின்றன. அத்தகையோரிடம் நன்றி செலுத்தச் சொல்வது எந்த வகையில் நியாயம் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

நன்றி என்பது உள்ளத்தில் தானாக ஊறும் உணர்வு மட்டுமே என்றால், அதை யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. கட்டளையிட்டால் நடிப்புத்தான் மிஞ்சும். ஆனால் பவுல் தாம் சொன்னதைத் தாமே எவ்வாறு செய்தார் என்று பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. அந்தக் கடிதத்தில் அவர் கடவுளுக்கு நன்றி கூறும் இடங்கள் ஒவ்வொன்றிலும் நன்றிக்குக் காரணமாக நிற்பவர்கள் மனிதர்கள். தெசலோனிக்கேயரின் நம்பிக்கை, அவர்களுடைய உழைப்பு, தம்மை அவர்கள் மறவாதிருப்பது ஆகியவற்றுக்காகவே அவர் நன்றி சொல்கிறார். தம் உடல்நலத்துக்காகவோ பயணத்தில் பிழைத்ததற்காகவோ சொல்வதில்லை. உரோமையருக்கும் பிலிப்பியருக்கும் பிலமோனுக்கும் எழுதிய கடிதங்களின் தொடக்கமும் இப்படித்தான் அமைகிறது. கலாத்தியருக்கு எழுதியபோதோ அவர் இந்த நன்றியுரையை விட்டுவிட்டார். அவர்கள்மேல் அவ்வளவு கோபம் இருந்தது. கோபத்தில் நன்றியுரை விடுபட்டது என்பதே, மற்றக் கடிதங்களில் அது வெறும் சம்பிரதாயமாக இடம்பெறவில்லை என்பதற்குச் சான்று.

இதன் புதுமை விளங்க, அக்கால வழக்கத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். எகிப்திலிருந்து உரோமைக் கடற்படைக்குச் சேர்ந்த அப்பியோன் என்னும் இளைஞன், இரண்டாம் நூற்றாண்டில் தன் தந்தை எப்பிமாக்குக்கு எழுதிய கடிதம் பாப்பிரசுத் தாளில் கிடைத்திருக்கிறது. பாப்பிரசு என்பது நாணற் செடியின் தண்டிலிருந்து செய்த அக்கால எழுதுதாள். வீட்டார் நலமா என்று விசாரித்துவிட்டு, கடலில் ஆபத்துக்குள்ளானபோது தன்னைக் காப்பாற்றிய செராப்பிசு தெய்வத்துக்கு அவன் நன்றி சொல்கிறான். வழிச்செலவுக்கு அரசனிடமிருந்து 3 பொற்காசுகள் கிடைத்ததையும் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறான். பெற்றோரை விட்டுத் தொலைவில் இருக்கும் பிள்ளையின் இயல்பான, அழகான நன்றி அது. அதில் குறை காண ஒன்றுமில்லை. பவுலும் கப்பற்சேதத்தில் சிக்கியவர்தான். ஆயினும் தமக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கிலிருந்து, தமக்கு யார் கிடைத்தார்கள் என்ற கணக்குக்கு அவருடைய நன்றி நகர்ந்துவிட்டது. துன்பத்தில் இருக்கும் சபையிடம் அவர் அதைக் கேட்க முடிந்ததற்கு இந்த நகர்வே காரணம் எனலாம். கலகத்துக்காக நன்றி கூறுங்கள் என்று அவர் சொல்லவில்லை; கலகத்தின் நடுவிலும் அருகிலிருப்பவரைக் கடவுளின் கொடையாகக் காண்பது இயலும் என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும்.

பெற்றதைத் திருப்பித் தருவது பற்றி அக்கால உலகம் ஆழ்ந்து சிந்தித்திருந்தது. பவுல் கொரிந்தில் இருந்தபோது அவர்மேல் கொண்டுவரப்பட்ட குற்றச்சாட்டை ஆளுநர் கல்லியோன் விசாரிக்காமலே தள்ளிவிட்டார். தெல்பி நகரில் கிடைத்த கல்வெட்டைக் கொண்டு கல்லியோனின் பதவிக்காலம் 51–52ஐ ஒட்டியது என்று கணிக்கிறார்கள், பவுலின் காலவரிசைக்கு அதுவே அச்சாணி. இந்தக் கல்லியோனின் தம்பிதான் உரோமைத் தத்துவ ஞானி செனெக்கா. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் உதவி செய்தலையும் பெறுதலையும் பற்றி 7 பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கைகோத்து வட்டமாக ஆடும் மூன்று சகோதரியர் என்ற பழைய உருவகத்தை அதில் எடுத்துப் பேசும் அவர், கொடுத்தவன் உடனே மறந்துவிட வேண்டும், பெற்றவனோ ஒருபோதும் மறக்கக் கூடாது என்கிறார். செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைப் படித்து வளர்ந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. (பவுலும் செனெக்காவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதாக 14 கடிதங்களைப் பிற்காலத்தார் புனைந்து உலவவிட்டனர், இருவரும் பேசியிருந்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசை அவ்வளவு பழையது.)

கொடுத்தவர் மனிதரானால் இந்த வட்டம் தடையின்றிச் சுழலும். கொடுத்தவர் கடவுளாகும்போது அது நின்றுவிடுகிறது, ஏனெனில் குறை எதுவும் இல்லாதவருக்கு எதைத் திருப்பித் தருவது? எபிரேயரின் திருப்பாடல்களிலேயே இந்தத் தடுமாற்றம் பதிவாகியிருக்கிறது: ஒரு பாடலில் பெற்ற நன்மைகளுக்கு ஈடாக எதைச் செலுத்துவது என்று பக்தன் திகைக்கிறான், இன்னொன்றில் தமக்குப் பசித்தாலும் மனிதனிடம் கேட்கப்போவதில்லை என்ற பொருளில் கடவுளே பலிகளை மறுத்துப் பேசுகிறார். கிறித்தவம் இதற்குக் கண்ட விடை, கடனை வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுதுவது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சியில், பசித்தவனுக்கும் சிறைப்பட்டவனுக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாக அரசர் ஏற்றுக்கொள்கிறார். கடவுளுக்குச் செலுத்த வேண்டியதை வசூலிக்கும் உரிமை அயலானுக்குக் கைமாறிவிட்டது என்பதே இதன் பொருள். நன்றி, ஜெபம், பிறரன்பு ஆகிய மூன்றையும் தனித்தனி நற்குணங்களாக அடுக்கிப் போதிப்பது வழக்கமாகிவிட்டாலும், அவை உண்மையில் இந்த ஒரே கைமாற்றத்தின் மூன்று கட்டங்கள்; கடன் உணரப்படுவது நன்றியில், அது திசை திரும்புவது ஜெபத்தில், செலுத்தப்படுவது அயலானிடத்தில்.

இந்தக் கைமாற்றத்தை ஏற்க மறுத்தால் என்ன ஆகும் என்பதை மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் உவமை காட்டுகிறது. அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்தவுடன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். தாலந்து என்பது அக்காலப் பெரும் நிறையளவு. ஒரு தாலந்து வெள்ளி ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணத்துக்குச் சமம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அப்படியானால் முதற்கடன் 6 கோடி நாட்கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்து ஒரு காசும் செலவழிக்காத ஒருவனுக்கு அதை அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். அவகாசம் கொடுத்தால் எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறேன் என்று அந்த ஊழியன் கெஞ்சுவதில் உள்ள நகைச்சுவை, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கே புரியும்.

பிரசங்கங்களில் இந்த உவமையின் இரண்டாம் கடனை அற்பமானதாகச் சொல்லிக் கடந்துபோகிறார்கள். அது அற்பமன்று. நூறு வெள்ளிப்பணம் என்பது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. அதைக் கொடுத்து ஏமாந்த கூலிக் குடும்பத்தில் அடுப்பு அணைந்துபோகும். அயலான் நமக்குச் செய்யும் தீங்கு உண்மையானது, வலிக்கக்கூடியது என்பதை உவமை மறைக்கவில்லை. அது சொல்வது வேறு: அந்த வலியை, தான் பெற்ற மன்னிப்பின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அந்த ஊழியனுக்கு இல்லை. அரசன் முன் விழுந்து எழுந்ததற்கும் வாசலில் உடன் ஊழியனைக் கண்டதற்கும் இடையில், பெற்றது அவனுக்குள் இறங்குவதற்கு நேரமே இருக்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் கிறித்தவ மரபு ஜெபம் என்ற சொல்லால் நிரப்புகிறது.

ஆயினும் ஜெபமே தவறான பக்கம் திரும்பக்கூடும். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்குச் சென்ற இருவரைப் பற்றி இயேசு சொன்ன கதையில், பரிசேயனின் ஜெபம் முழுவதும் நன்றியறிதலாகவே அமைந்திருக்கிறது. பரிசேயர் என்போர் திருச்சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடித்த யூதச் சமயப் பிரிவினர். ஆயக்காரர் என்போர் உரோமை ஆட்சிக்கு வரி தண்டியதால் வெறுக்கப்பட்டவர். வாரம் இருமுறை உபவாசம் இருந்து வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகத் தரும் அந்தப் பரிசேயன் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை. தன்னை மற்றவரைப்போல், குறிப்பாகத் தூரத்தில் நிற்கும் ஆயக்காரனைப்போல், ஆக்காததற்கு நன்றி மட்டுமே சொல்கிறான். ஆயக்காரனோ நன்றி என்ற சொல்லையே உச்சரிக்காமல் இரக்கத்துக்கு மட்டும் மன்றாடுகிறான். நியாயமுள்ளவனாக வீடு திரும்பியவன் அவனே என்று கதை முடிகிறது. நன்றியறிதலைக் கிறித்தவத்தின் முதற் பண்பாகப் போற்றுவோர் இந்தக் கதையைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் அயலானைப் படிக்கட்டாக்கி அதன்மேல் ஏறி நின்று செலுத்தப்படும் நன்றி இங்கே நிராகரிக்கப்படுகிறது.

இந்தச் சோதனை பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. தமிழ்ச் சபைகளில் சாட்சி சொல்லுதல் என்னும் வழக்கம் உண்டு. கடவுள் தமக்குச் செய்த நன்மையை ஒருவர் சபையார்முன் எழுந்து அறிவிப்பதே அது. விபத்தில் பேருந்திலிருந்த பலர் மாண்டபோது தம்மை மட்டும் ஆண்டவர் காப்பாற்றினார் என்று சொல்லும் சாட்சியை யாரும் குறை சொல்வதில்லை; உயிர் பிழைத்தவரின் நடுக்கமும் நிம்மதியும் அதில் உள்ளன. ஆனால் மாண்டவரின் தாய் அதே ஆலயத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தால், அந்த வாக்கியத்தை எப்படி அமைப்பது? 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை வந்தபோது, வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் கடல் புகவில்லை; கடற்கரையில் இருந்த யாத்திரிகர் பலர் மாண்டனர். இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலையில் நிகழ்ந்தவை. முதலாவதை மட்டும் எடுத்துப் பேசும் நன்றி, அறியாமலே பரிசேயனின் வாக்கிய அமைப்பை இரவல் வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேசத் தெரிந்த ஜெபம் நன்றியோடு அழுகையும் கலந்ததாகவே இருக்கும். திருப்பாடல்களில் புலம்பல்களுக்கு அவ்வளவு இடம் கிடைத்ததும் அதனால்தான்.

ஓயாத ஜெபம் என்னும் கட்டளையும் நெடுங்காலமாகச் சிக்கல் தந்து வந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் சிரியா முதலிய பகுதிகளில் தோன்றிய மெசாலியர், அதாவது ஜெபிப்போர் எனப் பெயர்பெற்ற குழுவினர், அதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டு உழைப்பை ஒதுக்கினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 431ஆம் ஆண்டு எபேசுப் பொதுச்சங்கத்தில் கண்டிக்கப்பட்டனர். அவர்களுக்கு முன்பே, மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் ஒரிகன், நற்செயலை ஜெபத்தோடும் ஜெபத்தை நற்செயலோடும் இணைப்பவரே இடைவிடாமல் ஜெபிக்கிறவர் என்று விளக்கியிருந்தார். கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் புனித பசில், தெசலோனிக்கேயருக்கான அந்தக் கட்டளைகளைப் பற்றியே இரண்டு மறையுரைகள் ஆற்றியவர். ஜெபத்தின் வலிமை உதடு அசைப்பதில் இல்லை, வாழ்நாள் முழுவதும் பரவும் மனத்தின் நோக்கத்திலும் செயலிலும் உள்ளது என்பது அவர் கருத்து.

பசில் இதைப் பேசியதோடு நின்றிருந்தால் பத்தோடு பதினொன்றாகவே இருந்திருப்பார். ஏறத்தாழ 369ஆம் ஆண்டில் செசரியாவைக் கொடிய பஞ்சம் தாக்கியது. உள்நாட்டு நகரமாதலால் கடல்வழித் தானியமும் எளிதில் வந்துசேரவில்லை, களஞ்சியம் வைத்திருந்தோர் விலை ஏறட்டும் என்று காத்திருந்தனர். அப்போது குருவாக இருந்த பசில், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனைப் பற்றிய லூக்காவின் உவமையை எடுத்துப் பிரசங்கித்து, வீட்டில் பூட்டிவைத்த அப்பம் பசித்தவனுக்கு உரியது என்று இடித்துரைத்தார். செல்வரின் கதவுகள் திறந்தன. பசியால் வாடியவர்களை ஒன்றுகூட்டி, பெரிய கொப்பரைகளில் பயற்றுக் கஞ்சி காய்ச்சி அவர் தாமே முன்னின்று பரிமாறியதை, நண்பர் நாசியான்சு கிரகோரியார் பின்னர் ஆற்றிய நினைவுப் பேருரையில் விவரிக்கிறார். நகருக்கு வெளியே பசில் நிறுவிய நோயாளர், ஏழையர் இல்லங்கள் பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கின. நன்றியைப் பற்றிய மறையுரையும் களஞ்சியத்தைப் பற்றிய மறையுரையும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பதை நூல் தொகுப்பாளர்கள் வெவ்வேறு தலைப்புகளில் பிரித்து வைப்பதால் வாசகர் கவனிப்பதில்லை. பெற்றது என்று உணர்ந்த ஒன்றைத் தனது என்று பூட்டிவைக்க முடியாது. முதல் மறையுரை முடிகிற இடத்தில்தான் இரண்டாவது தொடங்குகிறது.

பஞ்சம் போன்ற பெரும் நெருக்கடி இல்லாத சாதாரண நாளில் இது எப்படி இருக்கும் என்பதற்கு, பதினேழாம் நூற்றாண்டுப் பாரிசில் காலணி அணியாத கார்மேல் சபை மடத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்சு சான்றாவார். நிக்கோலா ஹெர்மான் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் லொரேன் பகுதியில் பிறந்து, முப்பதாண்டுப் போரில் படைவீரராகக் காயம்பட்டுக் கால் ஊனமானவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு, அதுவும் இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை. பதினைந்து ஆண்டுகள் அதில் இருந்த பின் செருப்புத் தைக்கும் பணிக்கு மாறினார். மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கப் படகில் சென்றபோது, ஊனமுற்ற காலால் நடமாட முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டே நகர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1691இல் அவர் இறந்தபின் வெளிவந்த கடிதங்களும் உரையாடல்களும், ஜெபவேளைக்கும் வேலைநேரத்துக்கும் தமக்குள் வேறுபாடு இல்லாமற்போயிற்று என்ற ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. அவரைப் போற்றுவோர் உள்ளத்து அமைதியையே பெரிதாகப் பேசுகிறார்கள். அந்த அமைதி, பிடிக்காத வேலையைச் செய்து மடத்தார் அனைவருக்கும் வேளை தவறாமல் உணவு சேர்ப்பித்த ஒருவரின் அமைதி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இயேசு கற்பித்த ஜெபத்தில் நன்றி என்ற சொல் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அதில் ஒருமையும் இல்லை: அப்பமும் மன்னிப்பும் விடுதலையும் எல்லோருக்குமாகவே கேட்கப்படுகின்றன. தனியறையில் கதவை அடைத்துக்கொண்டு ஜெபிப்பவரும் பன்மையில் பேச வேண்டியிருப்பதால், அந்த அறைக்குள் ஊரே வந்துவிடுகிறது. பிறருக்காகச் செய்யும் மன்றாட்டின் வேரும் அங்கேதான் உள்ளது. ஹிட்லர் ஆட்சியின்போது ஃபிங்கன்வால்டேயில் இரகசியமாகக் குருமாணவரைப் பயிற்றுவித்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர், அந்த அனுபவத்திலிருந்து 1939இல் வெளியிட்ட நூலில், ஒருவருக்காக ஜெபித்துக்கொண்டே அவரைத் தொடர்ந்து வெறுக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் சகித்து வாழ்ந்தவர்களிடம் பரிசோதித்துப் பார்த்த முடிவு அது. மாமியாரும் மருமகளும் அண்ணனும் தம்பியும் ஒரே குடும்ப ஜெபத்தில் முழங்கால் போடும் வீடுகளில் அதன் கடினம் நன்றாகவே தெரியும்.

நன்றி என்ற பெயரையே தாங்கிய வழிபாட்டுச் செயல் ஒன்று கிறித்தவத்தின் நடுவில் இருக்கிறது. கத்தோலிக்கர் நற்கருணை என்றும் சீர்திருத்தச் சபையார் திருவிருந்து அல்லது இராப்போசனம் என்றும் வழங்கும் அப்ப, இரசப் பகிர்வுக்குத் தொடக்கக் காலக் கிரேக்கக் கிறித்தவர் இட்ட பெயர் நன்றி செலுத்துதல் என்பதாகும். அது முதன்முதலில் கெட்டுப்போனதாகப் பதிவாகியிருப்பதும் மிகப் பழைய பதிவுகளிலேயே: கொரிந்துச் சபை கூடியபோது வசதியுள்ளோர் தம் உணவை முந்தி உண்டு களித்திருக்க, மற்றவர் பசியோடு இருந்ததைக் கேள்வியுற்ற பவுல், அது ஆண்டவரின் விருந்தே அன்று என்று கடிந்து எழுதினார். வழிபாட்டு முறையில் பிழை இருந்ததாக அவர் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் பசித்திருந்தான் என்பதே அந்த நன்றியைச் செல்லாததாக்கப் போதுமானதாயிற்று. நூறாண்டுகளுக்குப் பின் உரோமையில் கிறித்தவ எழுத்தாளர் யுஸ்தீன் தம் மக்களின் ஞாயிறு வழிபாட்டை வர்ணிக்கும்போது, வர இயலாதவர்க்கு அப்பம் வீட்டுக்குக் கொண்டுபோகப்படுவதையும், விரும்பியோர் தரும் பொருள் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்குச் செலவிடப்படுவதையும் வழிபாட்டின் பகுதியாகவே சேர்த்துச் சொல்கிறார்.

கொரிந்தின் பிழை தமிழகத்தில் சாதியின் உருவில் திரும்ப வந்தது. ஆலயங்களில் தனித்தனி இருக்கைகளும், சில இடங்களில் தனிக் கிண்ணமும் இருந்தன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகளிலிருந்து அகற்றக் கட்டளையிட்டுச் சுற்றுமடல் அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னையிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் பிரிந்து செல்லுமாறு கத்தோலிக்க ஆலயம் ஒன்று கட்டப்பட்டிருந்தது; கால்சட்டைபோல் இரண்டாகப் பிரிந்த அந்த ஆலயத்தில் ஒரு சாதியார் மறு சாதியாரைப் பாராமலே பூசை காணலாம். பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டதும் அதை எதிர்த்தோர் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. நன்றிப் பலியில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதிருக்கும் உரிமைக்காக நீதிமன்றப் படி ஏறியவர்களும் பக்தர்களே என்பதுதான் இதில் கசப்பானது. தென் மாவட்டச் சபைகளில் இன்று நடக்கும் அசனம், அதாவது ஊர்ச்சபையார் அனைவரும் ஒன்றாக உண்ணும் பொது விருந்து, இந்த வரலாற்றின் பின்னணியில் பார்க்கும்போது வெறும் பண்டிகைச் சாப்பாடாகத் தோன்றாது. யார் பந்தியில் யார் அமர்ந்தார் என்பதில் இன்னும் மீதமிருக்கும் கணக்குகளையும் அது காட்டிக்கொடுக்கும்.

அன்றாடத்தில் நன்றி எடுக்கும் வடிவங்களுள் தமிழ்ச் சபைகளுக்கு மிகப் பழக்கமானது ஸ்தோத்திரக் காணிக்கை. பிறந்தநாள், திருமணநாள், தேர்வில் வெற்றி, சுகமான பிரசவம் என்று ஞாயிறு அறிவிப்புகளில் பெயரும் காரணமும் சில இடங்களில் தொகையும் வாசிக்கப்படுகின்றன. உபயதாரர் பெயரை மறவாமல் எழுதிய குழல்விளக்குகளும் மின்விசிறிகளும் இதே நன்றியின் விளைவுகள்தாம், விளக்கின் வெளிச்சத்தில் பாதியைப் பெயரே மறைத்துவிட்டாலும். பிடியரிசி வேறு வகை. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுச் சேர்த்து, வாரக் கடைசியில் ஆலயத்துக்குக் கொடுக்கும் இந்த வழக்கம் தமிழகத்திலும் உண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையின் பெண்களிடமும் உண்டு. வீட்டாரின் பசிக்கு அளக்கும் அதே கை, அதே நேரத்தில், பெயர் தெரியாத ஒருவரின் பசிக்கும் அளக்கிறது. சாக்கில் கொட்டியபின் எந்தப் பிடி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. சபையின் உதவியில் வாழும் விதவையும் தன் பானையில் ஒரு பிடி போடுவதால், கொடுப்பவர் ஒரு பக்கமும் பெறுபவர் மறு பக்கமும் என்ற பிரிவும் நிலைப்பதில்லை. நன்றி செலுத்தும் முறைகளுள் இதற்கு ஈடான இன்னொன்றைக் காண்பது அரிது.

பெறுபவரைக் கொடுத்தவருக்குக் கடனாளியாக்கிவிடும் அபாயத்தைப் பவுலும் அறிந்திருந்தார். எருசலேம் ஏழைகளுக்காக அவர் கிரேக்க நாட்டுச் சபைகளில் ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டினார். மக்கெதோனியர் தங்கள் கடும் வறுமையிலும் கொடுத்ததைக் காட்டிக் கொரிந்தியரைத் தூண்டி எழுதிய அவர், இந்தக் கொடையின் பலனாகப் பெறுவோர் கடவுளுக்கு நன்றி செலுத்துவார்கள் என்றே சொல்கிறார். கொடுத்தோருக்கு நன்றி சொல்வார்கள் என்ற வாக்குறுதி எங்கும் இல்லை. மாறாக, ஆன்மிக நன்மையை எருசலேமிலிருந்து பெற்றுக்கொண்ட இவர்களே அவர்களுக்குக் கடனாளிகள் என்று உரோமையருக்கு எழுதுகிறார். பணத்தோடு எருசலேமுக்குப் புறப்படும்முன் உரோமையரிடம் அவர் கேட்ட ஜெப உதவியும் விசித்திரமானது: யூதேயாவில் உள்ள எதிரிகளிடமிருந்து தாம் தப்ப வேண்டும், தாம் கொண்டுசெல்லும் உதவியை அங்குள்ளோர் மனமுவந்து ஏற்க வேண்டும். கொடுக்கப்போகிறவர் பெறுகிறவரின் தயவை நாடி நிற்கிறார். தெசலோனிக்கேயிலிருந்து அரிஸ்தர்க்கும் செக்குந்தும் அந்தப் பயணத்தில் உடன்சென்றனர். எருசலேம் ஆலயத்தில் பவுல் கைது செய்யப்பட்டதை விரிவாக எழுதும் நடபடிகள் நூல், தம் இனத்தாருக்குத் தருமப்பணம் கொண்டுவந்ததாக அவர் ஆளுநர்முன் சொன்னதை மட்டும் பதிவுசெய்கிறது. அந்தப் பணத்தை எருசலேம் சபை ஏற்றுக்கொண்டதா என்பதை அது ஓரிடத்திலும் சொல்லவில்லை.